மக்காச்சோள மானியம்: பி.எல்.சி.யா, ஏ.ஆர்.சி.யா?

அயோவா போன்ற அமெரிக்க மாநிலங்களில் மக்காச்சோள விவசாயி, எஃப்.எஸ்.ஏ. (வேளாண் துறையின் பண்ணைச் சேவை அமைப்பு) கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அலுவலகத்தில் பி.எல்.சி. (விலை இழப்பு ஈடு), ஏ.ஆர்.சி. (வருவாய் இழப்பு ஈடு) என்ற இரண்டு அரசுத் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பி.எல்.சி. விலையை மட்டுமே பார்க்கும். 2025 சட்டப்படி அடிப்படை விலை புஷலுக்கு (மக்காச்சோளத்தில் சுமார் 25 கிலோ) 4.10 டாலர், முந்தைய ஆண்டுகளின் சந்தை விலையைப் பொறுத்து இது உயரலாம். நாட்டின் சராசரி விலை 3.90 டாலராக இருந்தால் வித்தியாசம் 20 சென்ட். பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், அடிப்படை ஏக்கர் (மானியத்துக்காக அரசுப் பதிவில் உள்ள பரப்பு) 100 என்றால், அதில் 85 சதவீதத்துக்கே கணக்கு: 0.20 × 150 × 85 = 2,550 டாலர், அரசின் பிடித்தம் போவதற்கு முன்.

கவுண்டி ஏ.ஆர்.சி. விலையோடு விளைச்சலையும் சேர்த்து, கவுண்டியின் வருவாய் ஐந்தாண்டு சராசரியில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தருகிறது. உச்சவரம்பு அந்தச் சராசரி வருவாயில் 12 சதவீதம். விலை பாதாளத்துக்குப் போனால் இந்த வரம்பு கையைக் கட்டிவிடும். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்தால் ஒரு சென்ட்டும் வராது, அதற்குப் பயிர்க் காப்பீடுதான் துணை.

விலை வீழ்ச்சியே பெரும் பயம் என்றால் பி.எல்.சி. நல்லது. கவுண்டி முழுக்க வறட்சி தாக்கும் இடத்தில் ஏ.ஆர்.சி. நல்லது. எதுவானாலும் பணம் அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரிலோ அதற்குப் பிறகோதான் வரும். விதைக்கடனை அதை நம்பி வாங்காதீர்கள்.