அமெரிக்காவுக்குப் போன ஜெர்மன் விவசாயியைத் தேட எந்த ஆவணம் உதவும்? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஜெர்மன் மூதாதையரைத் தேடக் கிளம்புகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் காட்டும் ஆர்க்கியான் தளத்துக்குச் சந்தா கட்டிவிடுகிறார்கள். அது வீண் செலவு. ஜெர்மனியின் பழைய பதிவுகள் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் இருக்கின்றன. ஊர்ப்பெயர் கையில் இல்லாமல் உள்ளே போனால் பக்கம் புரட்டுவதுதான் மிச்சம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பெரும்பாலும் 'பிரஷ்யா', 'ஹனோவர்' என்று அந்தக்கால ஜெர்மன் அரசின் பெயரோடு நின்றுவிடும். 1906 செப்டம்பருக்கு முந்தைய குடியுரிமைத் தாள்களிலும் பிறந்த ஊர் இருப்பது அபூர்வம்.

தேடப்படுபவர் விவசாயி என்றால் நிலத்தில் தொடங்குங்கள். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் ஜிஎல்ஓ (பொது நில அலுவலகம்) ஆவணத் தளம் இலவசம். மாநிலம், கவுண்டி (மாவட்டம்), குடும்பப்பெயர் கொடுத்தால் பட்டா கிடைக்கும். அதில் நிலம் இருக்கும் இடத்தைக் காட்டும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி கிடைத்தது அதில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர் வரை.

பட்டாவோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஆனால் சரக்கு இருப்பது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் நிலக் கோப்பில். ஹோம்ஸ்டெட் நிலமென்றால், ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டதை நிரூபிக்கும் வாக்குமூலம் அதில் இருக்கும்: வீட்டின் நீள அகலம், கிணறு, தொழுவம், உழுத ஏக்கர். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியுரிமைத் தாளின் நகலும் உள்ளேயே கிடைக்கும். சாட்சி சொன்ன இருவரையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்களான அவர்கள் பல சமயம் சொந்த ஊரிலிருந்தே சேர்ந்து வந்தவர்கள். நம் ஆளின் ஊர் சிக்காதபோது அவர்களுடைய ஊர் வழிகாட்டும். பணம் கட்டி அரசிடம் வாங்கிய நிலத்தின் கோப்பில் இவ்வளவு இருக்காது. ரயில்வே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் ஜிஎல்ஓவில் அவர் பெயரே வராது. கவுண்டி பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் தேட வேண்டும்.

அமெரிக்கக் கணக்கெடுப்பின் 1850 முதல் 1880 வரையிலான வேளாண் அட்டவணைகளும் நல்ல துணை. கறவை மாடு, கோதுமை, வெண்ணெய் எத்தனை பவுண்டு என்பதுவரை இருக்கும். சிறு பண்ணைகளை மட்டும் விட்டுவிட்டார்கள்: 1870, 1880இல் 3 ஏக்கருக்குக் குறைந்து, 500 டாலருக்கு விளைச்சலும் இல்லையென்றால் கணக்கில் வராது.

ஊர்ப்பெயருக்கு நம்பகமான இடம், அவர் அமெரிக்காவில் சேர்ந்திருந்த லூத்தரன் அல்லது கத்தோலிக்கத் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. ஹாம்பர்க்கில் கப்பலேறியிருந்தால் 1850–1934 பயணிகள் பட்டியலில் கடைசியாக வசித்த ஊர் இருக்கும். பிரேமனில் ஏறியிருந்தால் அந்த வழி அடைபட்டது. 1920க்கு முந்தைய பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன.

கிடைத்த ஊரை மேயர்ஸ் ஊர் அகராதியின் இணையப் பதிப்பில் சரிபாருங்கள். நோய்ஷ்டாட், நோயன்டார்ஃப் போன்ற பெயர்களில் ஊர்கள் ஏராளம். பங்குத் தேவாலயம் எது என்று உறுதியான பிறகு, புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்க்கியானில் ஒரு மாதச் சந்தா போதும். கத்தோலிக்கர் என்றால் தேவாலயப் பதிவேடுகளை இலவசமாகத் தரும் மாட்ரிகுலா தளத்தை முதலில் பாருங்கள். எல்லா மறைமாவட்டங்களும் அதில் இல்லை.

பதிவுகள் கூரண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். அதில் 'e' எழுத்து 'n' போலத் தெரிவதால் பெயர்ப்பட்டியல்களில் பிழை மலிந்திருக்கும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டுத் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவில் யோஹான் ஹைன்ரிஷ் என்றிருப்பவர் அமெரிக்காவில் ஹென்றியாக மட்டுமே இருக்கலாம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் இன்னொரு சிக்கல்: பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் அந்தப் பண்ணையின் பெயரையே குடும்பப்பெயராக ஏற்றார். தகப்பன், மகன் பெயர்கள் ஒட்டவில்லை என்பதற்காக வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.