2 இஞ்ச் என்று நம்பி 38,500 ரூபாவை விட்டேன்

கெப்பில் டிரெய்லர் இழுக்க ஹிட்ச் செட் (கெப்பின் பின்னால் சொருகும் சதுரக் கம்பியும் அதன் மேல் நிற்கும் இரும்பு உருண்டையும்) ஒன்று தேடி, ஒன்லைனில் வாகனச் சாமான் விற்கும் ஒரு பக்கத்தில் வாங்கினேன். 38,500 ரூபா, முழுக்காசையும் முன்கூட்டியே பேங்கில் போட்டேன், அந்த மடத்தனம் என்னுடையதுதான்.

காசு போடும் முன்னால் டிரெய்லர் கப்ளரை, அதாவது உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் மூக்கை, படம் எடுத்து அனுப்பினேன். 2 இஞ்ச் என்று அதில் குத்தியிருப்பது பளிச்சென்று தெரியும். வெறும் டிரெய்லர் 300 கிலோ, கெரட் ஏற்றினால் 1,050 வரும் என்பதையும் சொன்னேன். "அண்ணே, இது 2 இஞ்ச் செட்தான், 5,000 பவுண்ட் இழுக்கும், கண்ண மூடிட்டு எடுங்க" என்று வொய்ஸ் வந்தது. நம்ம பக்கத்துப் பையன் குரல். நம்பிவிட்டேன்.

மாட்டினேன், கப்ளரும் பூட்டியது. திங்கட்கிழமை காலை கந்தப்பளையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் பின்னால் டமாரென்று சத்தம், கப்ளர் உருண்டையை விட்டுக் கழன்றுவிட்டது. வெல்டிங் பாஸ் ஏசி ஏசி குறுக்காக மாட்டவைத்த சங்கிலி மட்டும் இல்லையென்றால் டிரெய்லர் யார் மேல் போயிருக்குமோ. கெரட் பாதி ரோட்டில்.

கிரீஸைத் துடைத்துப் பார்த்தால் உருண்டையின் தலையில் 1 7/8 இஞ்ச், 2,000 பவுண்ட் என்று இருக்கிறது. அதாவது 47.6 மில்லிமீட்டர், என் கப்ளருக்கு வேண்டியது 50.8. சும்மா பூட்டும், குலுங்கினால் கழன்றுவிடும். 2,000 பவுண்ட் என்பதும் 907 கிலோதான். அவன் சொன்ன 2 இஞ்சும் 5,000 பவுண்டும் கெப்பில் சொருகும் சதுரக் கம்பிக்கு உரியவையாம்!

கேட்டதற்கு முதலில் "மாட்டினவன் பிழை". அப்புறம் "பாவிச்ச சாமான் ரிட்டர்ன் இல்ல". அப்புறம் "மெனேஜர் கோல் எடுப்பார் அண்ணே". இப்போது நீல டிக் மட்டும். 38,500 ரூபா!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. உருண்டையிலும் கப்ளரிலும் குத்தியிருக்கும் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். உருண்டை, கம்பி, கப்ளர், கெப் எல்லாவற்றுக்கும் சொல்லியிருக்கும் இழுவை எடையில் ஆகக் குறைந்தது எதுவோ அவ்வளவுதான் இழுக்கலாம், டிரெய்லரின் எடையையும் சேர்த்து. பூட்டியபின் டிரெய்லர் மூக்கை ஜக் வைத்துத் தூக்கிப் பாருங்கள், கெப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பவேண்டும். சங்கிலி கட்டாயம். காசு சாமானைப் பார்த்தபின்.

நாளைக்கு மிச்சக் கெரட்டை ஏற்ற லொறி பேசவேண்டும், அதற்கு வேறு காசு.