வீட்டுச் சோறா, கடைப் பார்சலா: யாழ்ப்பாணத்து வயிறு ஒன்றின் கணக்கு

காலை பதினொன்றரை ஆனதும் எங்கள் கந்தோரில் வேலை மெதுவாகிவிடும். யாராவது ஒருவர் எழும்பி, "பார்சல் எத்தனை?" என்று கேட்பார். மரக்கறி மூன்று, மீன் நான்கு, கோழி இரண்டு. மேசைக்கடியில் சாப்பாட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் தலையைத் தூக்க மாட்டார்கள். நான் சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். வீட்டுச் சாப்பாட்டுக்கு நிகரே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களோடும், வீட்டில் சமைத்து என்ன மிச்சம் என்று கேட்பவர்களோடும் வாக்குவாதப்பட்டுக் களைத்துவிட்டேன். சரி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சொதி. வீட்டுக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அந்தச் சட்டிக்குள்தான் கிடக்கிறது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் கப்பிப்பாலில், அதாவது தேங்காயின் முதற்பாலை எடுத்த பிறகு பிழியும் தண்ணிப்பாலில், அவிய விட வேண்டும். அவிந்த பிறகு முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டி, இதோ பொங்கப் போகிறது என்ற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தால் போச்சு, பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான், அதுவும் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு.

வைத்த சூட்டோடு சாப்பிட வேண்டிய சாமான் இது. கடைக்காரர் அதைப் பத்து மணிக்கு வைத்து, மூன்று மணி வரைக்கும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கிறது. முதற்பால் விட்ட சொதி அந்தக் கொடுமையைத் தாங்காது. கடைச் சொதி மஞ்சள் தண்ணீராக ஓடுவதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. அதுவும் ஒரு காரணந்தான். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, மத்தியானச் சொதிக்குள் தேங்காய் இருந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டது. மீன்குழம்பு கதை வேறு. வறுத்த தூளும் புளியும் சேர்ந்த குழம்பு, நேரம் போகப் போக ஊறி ருசிக்கும். அதனால் கடை மீன்குழம்பு வீட்டுக் குழம்புக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுக்கும். மீன்துண்டின் அளவைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

காசுக் கணக்குக்கு வருவோம். எங்கள் வீட்டில் நான்கு பேர். நாளொன்றுக்கு ஒரு தேங்காய் கட்டாயம், புட்டு அவித்தால் ஒன்றரை. பாசையூரிலோ சின்னக்கடையிலோ விடிய மீன் வாங்கி, இங்குள்ள திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் எடுத்தால், நான்கு பேருக்கு வீட்டுச் சமையல் பார்சலை விட மலிவுதான். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அது தலைகீழாகிவிடும். அரைத் தேங்காய் பழுதாகும், காற்பங்கு பூசணி காயும், காஸ் எரிந்தது எரிந்ததுதான். கொழும்பில் நான் அறை எடுத்துத் தனியே இருந்த காலத்தில் சமைத்துச் சாப்பிட்டு மிச்சம் பிடித்ததே இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப் போனது. முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,800ஐத் தாண்டியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். வளவுக்குள் பனைமட்டையும் கொக்கறையும் கிடந்த வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. கடைகளில் பார்சல் சிறுத்தது, முட்டை பாதியானது. அதற்குப் பிறகு விலை இறங்கினாலும் பார்சல் பழைய பருமனுக்கு வரவில்லை என்பது என் கண்ணளவு.

ஆனாலும் அந்தக் கணக்கில் ஒன்றை நாங்கள் யாரும் எழுதுவதில்லை. விடிய ஐந்தரைக்குத் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவது யார்? எங்கள் வீட்டில் அம்மா. பல வருடமாக அம்மாதான். வீட்டுச் சாப்பாடு மலிவு என்று மேசையில் இருந்து முழங்குபவர்களில் பெரும்பாலானோர் அந்தத் திருவலையில் ஏறி இருந்ததில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

பார்சலுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் ஒரு பார்சலை இரண்டு பேர் சாப்பிடலாம், இப்போதும் பசி குறைந்த இருவருக்குப் போதும். சோற்றுக்கு மேல் பருப்பு, ஒரு பால்கறி, ஒரு பிரட்டல், சம்பல், மீன், எல்லாவற்றையும் அமத்திக்கொண்டு ஒரு பப்படம். கட்டும்போது மொறுமொறுவென்று இருக்கும் அந்தப் பப்படம், அவிழ்க்கும்போது நனைந்த கடதாசி. கறிகள் ஒன்றோடொன்று ஊறிப்போய் வரும் அந்தக் கலவை ருசி வீட்டுக் கோப்பையில் வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறை எங்கே என்றால் கீரையில். நான் வாங்கும் கடைகளில் வல்லாரைச் சம்பலோ பொன்னாங்காணி வறையோ வருவது அருமை. ஆய்ந்து, கழுவி, அரிய ஆள் வேண்டும், வைத்தால் கறுக்கும், எந்த முதலாளி மெனக்கெடுவார்? இன்னொரு பயமும் இருக்கிறது. ஒருமுறை சித்திரை வெயிலில் ஒரு கடைப் பார்சலை இரண்டு மணிக்கு அவிழ்த்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி புளித்து நுரைத்திருந்தது. அன்றிலிருந்து பார்சல் என்றால் பன்னிரண்டரைக்கு முன்னால் சாப்பிட்டுவிடுவேன், அல்லது பால்கறி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

சைவக்கடையை மத்தியானத்தில் மதிப்பிடக் கூடாது. அதற்குரிய நேரம் காலையும் பின்னேரமும். தோசையில் வீடுதான் வெல்லும். மஞ்சளும் தாளிதமும் போட்டுக் கரைத்த எங்கள் தோசை, செத்தல்மிளகாய்ச் சம்பலோடு கல்லிலிருந்து நேரே கோப்பைக்கு வர வேண்டும். உழுந்து வடை கடைக்குத்தான். அவ்வளவு பெரிய தாச்சியும் அவ்வளவு எண்ணெயும் எந்த வீட்டில் இருக்கிறது? தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழும்பும்போது "என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்பார்கள். நாமே எண்ணிச் சொல்ல வேண்டும். நான் ஒரு வடையைக் குறைத்துச் சொன்னது பள்ளிக்கூடக் காலத்தில் ஒரே ஒரு தடவை.

கொத்துரொட்டியில் போட்டியே இல்லை. வீட்டில் செய்து பார்த்தேன். கடையில் ரொட்டி வாங்கி, கத்தியால் வெட்டி, முட்டையும் லீக்ஸும் போட்டு வாட்டினேன். கிடைத்தது ஈரமான உப்புமா. கடைக்காரரின் இரும்புத்தட்டு ஒரு கட்டிலின் பாதி இருக்கும். அத்தனை அகலத்தில் பரவும்போது ரொட்டியின் ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது, நம் சின்னச் சட்டியில் அது உள்ளேயே நின்று அவிகிறது. சத்தம் வேறு. அந்தத் தகரத் தாளம் கேட்காமல் கொத்துக்கு ருசி பாதிதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு முழுக் கொத்தைச் சாப்பிட்டவன் விடிய எழும்பும் முகத்தையும் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு, அதுவும் பாதி பாதியாக, என்பது என் அளவு. மிஞ்சிய புட்டோடு பழைய மீன்குழம்பைப் பிரட்டி வீட்டில் செய்யும் புட்டுக்கொத்து மட்டும் கடையைத் தோற்கடிக்கும்.

இருந்து சாப்பிடும் பெரிய உணவகங்களை இதில் சேர்க்கவில்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் வற் எனும் பெறுமதிசேர் வரி என்று பில்லின் அடியில் ஏறும் இடங்கள், யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து காசு கொடுக்கும்போது நன்றாகவே இருக்கின்றன.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நிற்பது அம்மாச்சி. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் உணவகம், எங்களுக்குக் கிட்ட இருப்பது திருநெல்வேலியில். கண்ணுக்கு முன்னால் தோசை சுடுகிறார்கள், நாமே எடுத்து வந்து சாப்பிட வேண்டும். வீட்டுக் கைப்பக்குவம், ஆனால் அந்தக் கைக்குக் கூலி உண்டு. அவசரத்துக்கு ஏற்ற இடமில்லை, பின்னேரத்தில் கூட்டம். இருந்தாலும் வெளியே சாப்பிட்டுவிட்டு வயிறு முறைக்காமல் வீடு வரும் இடம் எனக்கு இது ஒன்றுதான்.

இவ்வளவையும் ஓடிப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் நிலைத்தது ஒரு கலப்படம். மாவில் செய்வதை வெளியே வாங்குவது, தேங்காய்ப்பாலில் செய்வதை வீட்டில் வைப்பது. இடியப்பத்துக்கு மாவை வறுத்து, குழைத்து, உரலில் பிழிய கைமுட்டு நோகும். அதை நாள்தோறும் செய்பவரின் இடியப்பம் எங்களுடையதை விட மெல்லியது, மலிவும்கூட. சொதியையும் சம்பலையும் யாரிடமும் வாங்க மாட்டோம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஒழுங்கைக்குள் ஒரு அக்கா பின்னேரத்தில் அவித்து விற்கிறார். நேற்று ஆறரைக்குப் போனேன். நீராவிக்குள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது தாங்கோ அக்கா. பத்து சிவப்பு, பத்து வெள்ளை."

"சம்பலும் வைக்கட்டோ தம்பி?"

"வேண்டாம் அக்கா. தேங்காய் திருவி வைச்சிட்டுத்தான் வந்தனான்."

"ஆர், நீயோ?" என்று கேட்டுச் சிரித்தார். கூடவே இரண்டு இடியப்பம் போட்டுச் சுற்றித் தந்தார்.