சஃபயரிலிருந்து படலம் உரிக்கும் லேசர்: காரைக்குடியில் சில வருஷ அனுபவம்

எக்ஸைமர் லேசர் (வாயுக் கலவையிலிருந்து புற ஊதா ஒளியை விட்டு விட்டு அடிக்கும் லேசர்) வாங்கலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம். காரைக்குடியில் ஒரு சின்ன லேபில் பிஇசட்டி படலங்களை உரித்தெடுக்கச் சில வருஷமாக இதைத்தான் ஓட்டுகிறோம்.

பிஇசட்டி (PZT) என்பது ஈயம், ஜிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு; வளைத்தாலோ அழுத்தினாலோ மின்சாரம் தரும். அது சரியான படிகமாக 600, 700 டிகிரி சூடு வேண்டும். வளையும் கருவிக்குப் படலம் பிளாஸ்டிக் மேல் இருக்க வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் சஃபயர் (நீலக்கல் படிகத் தகடு) மேல் படலத்தை வளர்த்து, அதன் முதுகில் பிளாஸ்டிக்கை ஒட்டி, சஃபயர் வழியாக லேசரை அடிக்கிறோம். 248 நானோமீட்டர் ஒளி சஃபயருக்குள் தாராளமாகப் போய்விடும். பிஇசட்டியைத் தொட்டதும் சில பத்து நானோமீட்டருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு பல்ஸ், அதாவது ஒரு ஒளித்துடிப்பு, இருபது நானோசெகண்டு சொச்சம்தான். அதற்குள் ஒட்டியிருக்கும் அடுக்கு மட்டும் உருகி ஆவியாகும், பின்னால் இருக்கும் பசைக்குச் சூடு பட்ட சேதியே போகாது. 1990களின் கடைசியில் எல்இடி செய்யும் காலியம் நைட்ரைடில் செய்து காட்டிய வித்தைதான் இது. 2014இல் தென்கொரியாவின் கைஸ்ட் (KAIST) பல்கலைக்கழகக் குழு 308 நானோமீட்டரில் பிஇசட்டியை உரித்து, வளைந்து மின்சாரம் தரும் கருவியே செய்தது.

லேசரைப் பற்றிப் பெரிய குறை இல்லை. சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு மில்லிஜூல்; அதற்குக் குறைந்தால் படலம் அசையாது, ரொம்பக் கூடினால் விரிசல். நடுவில் நல்ல அளவு ஒரு குறுகிய சந்துதான். லேசருக்குள் இருக்கும் கேஸ் பழசாக ஆக ஆற்றல் இறங்கும் என்பதால், எந்தப் பேனல் என்ன காட்டினாலும் காலையில் முதல் வேலை மீட்டரில் அளப்பது. கற்றையின் வடிவம் பார்க்க பில் போடும் தெர்மல் பேப்பரே போதும்: ஒரு ஷாட் அடித்தால் கருப்பாகச் சதுரம் விழும், ஒரு மூலை வெளிறியிருந்தால் கண்ணாடிகளைச் சரிபார்க்க வேண்டும். ஒழுங்காக உரிந்த இடம் சஃபயர் வழியாகவே தெரியும். ஒவ்வொரு ஷாட்டும் சாம்பல் நிறக் கட்டமாக, பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளி பளிச்சென்று மிச்சமிருந்தால், தகட்டின் வெளிப்பக்கம் தூசு இருந்தது என்று அர்த்தம். அந்தப் புள்ளிதான் தகட்டைத் தூக்கும்போது படலத்தைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். இரண்டு பக்கமும் பாலிஷ் செய்த சஃபயரையே வாங்குங்கள்.

பாதி சாம்பிளைக் கொல்வது பசை. பசையில் ஒரு குமிழி இருந்தால், அந்த இடத்தில் படலத்துக்கு முட்டுக் கிடையாது; ஆவி அழுத்தம் அங்கே அதை உடைத்துவிடும். பசையைப் பூசும் முன் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுப்பதில் நாங்கள் செலவழிக்கும் நேரம், லேசர் முன்னால் நிற்கும் நேரத்தைவிட அதிகம்.

அப்புறம் உரிந்த முகம். ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் நிரப்பிக் காயவிட்டு எடுத்தால், கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் பளபளவென்று வரும். எங்கள் கதை நேர் தலைகீழ். சஃபயரைத் தொட்டிருந்த முகத்தில் ஈயம் பறந்து, படிக ஒழுங்கு குலைந்த ஒரு தோல் மிஞ்சும். அதன் மேலேயே எலெக்ட்ரோடு போட்டால் ஹிஸ்டரிசிஸ் லூப் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது படலத்தின் மின்முனைவாக்கம் வரையும் வளையம்) சாய்ந்து நிற்கும். ஆர்கான் அயனியால் அந்தத் தோலைச் சீவி எடுத்தால் லூப் நிமிர்ந்துவிடும். சரியாகச் சீவிய பிறகு சஃபயரில் இருந்தபோது கிடைத்ததைவிட நல்ல முனைவாக்க அளவே சில சாம்பிளில் வருகிறது. தகட்டின் பிடி விட்டதும் டொமைன் சுவர்கள் (ஒரே திசையில் முனைவான பகுதிகளுக்கு இடையிலான எல்லைகள்) தாராளமாக நகர்கின்றன. விலைப்பட்டியல் வாங்கும்போது அந்தத் தோலைச் சீவும் கருவியான அயனி மில்லையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எங்களுக்கு விற்றவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஊர் சார்ந்த தொல்லைகளும் உண்டு. கேஸ் சிலிண்டரில் ஃபுளூரின் இருப்பதால் கூரியர்க்காரர் யாரும் தொடமாட்டார், தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே ஆர்டர் போட வேண்டும். சித்திரை வெயிலில் லேசரைக் குளிர்விக்கும் சில்லர் திணறும். போர் தண்ணீரை அதில் ஊற்றினால் உப்புப் படிந்து அடைத்துவிடும். கரண்ட் போய் வந்தால் தைரட்ரான் (லேசரின் உயர் மின்னழுத்த சுவிட்ச் குழல்) சூடேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெளியே வரும் ஆவியில் ஈயம் இருக்கிறது, புகைபோக்கி இல்லாமல் ஒரு ஷாட்கூட வேண்டாம்.

உரித்த சஃபயரை அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்துகிறோம், அதில் நல்ல மிச்சம். ஆனால் படலத்தைச் சிலிக்கான் மேல் வளர்க்கிறவர்கள் இந்த லேசரைத் தேடி வர வேண்டாம். சிலிக்கான் 248 நானோமீட்டர் ஒளியை உள்ளேயே விடாது, பின்பக்கமிருந்து சிலிக்கானை எட்ச் செய்து (அரித்து) எடுப்பது போன்ற வேறு வழிதான் பார்க்க வேண்டும்.