ஜெய்சல்மேரில் எங்கே தங்குவது: கூரி மணற்குன்றுக் கூடார முகாம் குறித்த மதிப்புரை

ஜெய்சல்மேர் செல்பவர்கள் இரவுத் தங்கலைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1156-இல் ராவல் ஜைசல் திரிகூட மலைமீது எழுப்பிய இக்கோட்டையில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. குடத்தில் சுமந்து வந்த நீரைச் சிக்கனமாகப் புழங்கியவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர் அது. குழாய்நீரும் அறைக்கு அறை குளியலறையும் வந்த பிறகு, கழிவுநீர் மலையின் இளகிய அடித்தளத்தில் இறங்கியதால் மதில்களிலும் கொத்தளங்களிலும் சில பகுதிகள் சரிந்து விழுந்திருக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றான இதற்கு, நாம் அங்கே குளிக்காமலும் துவைக்காமலும் இருப்பதே உதவியாகும். ஆகவே பகலைக் கோட்டைக்கும் இரவைக் கூடாரத்துக்கும் ஒதுக்கிக்கொண்டோம்.

கூடாரம் என்றதும் பயண முகவர்கள் பெரும்பாலும் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளைத்தான் காட்டுகிறார்கள். அங்கே முகாம்கள் வரிசையாக நெருங்கி நிற்கின்றன; ஒலிபெருக்கிகளும் மணலில் சீறும் ஜீப்புகளும் பாலைவனத்தின் அமைதியை அறவே இல்லாமல் செய்துவிடுகின்றன. தென்மேற்கிலுள்ள கூரி கிராமத்தில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று நடத்தும் சிறிய முகாமை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். குன்றுகள் சாமைவிடச் சிறியவை என்றாலும், காலடித் தடமில்லாத மணலை அங்கே காண முடிந்தது.

கித்தான் துணியாலான கூடாரத்தின் உட்புறம் அச்சுத் துணியால் மறைக்கப்பட்டு, தரையில் கம்பளம் விரிக்கப்பட்டிருந்தது. இணைந்த குளியலறை தூய்மையாக இருந்தது. வெந்நீரைக் கேட்கும்போது வாளியில் கொண்டுவந்து தருகிறார்கள், நீர் அரிதான இடத்தில் அதுவே பொருத்தமான ஏற்பாடு. ஜனவரி இரவுக் குளிருக்கு அவர்கள் தந்த ஒரு ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) போதவில்லை, கேட்ட பிறகே இரண்டாவது வந்தது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், அங்குள்ள மண் குடிசைகளில் ஒன்றை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது. குடிசைக்குள் குளிர் வெகுவாகக் குறைவு.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கம்பு ரொட்டி, கடலைமாவு கட்டா குழம்பு, மோர் ஆகியவற்றுடன் கேர் சாங்ரி பரிமாறினார்கள். நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் காய்தான் சாங்ரி. அதனைக் கேர் என்னும் முட்புதரின் சிறு காய்களோடு உலர்த்தி வைத்து, ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் உலர்மாங்காயும் சேர்த்துச் சமைக்கிறார்கள். காய்கறி விளையாத மாதங்களுக்கென இம்மண் கண்டுபிடித்த உணவு அது, சுவையிலும் சிறந்தது. உணவுக்குப் பின், பரம்பரை இசைச் சமூகமான மாங்கணியார் கலைஞர்கள் இருவர் ஒலிவாங்கி ஏதுமின்றிப் பாடினார்கள். வில்லால் இசைக்கும் நரம்புக் கருவியான கமாய்ச்சாவின் கனத்த நாதத்தையும், கைகளில் தட்டும் கர்தால் கட்டைகளின் விரைவையும் கேட்க அந்த அளவான கூட்டமே ஏற்றது. நிகழ்ச்சிக்கான தொகை கட்டணத்தில் அடங்கியிருந்தாலும் கலைஞர்களுக்குத் தனியாகவும் கொடுங்கள்.

இரண்டு குறைகள் உண்டு. குடிநீர் முழுவதும் பிளாஸ்டிக் புட்டிகளிலேயே வருகிறது, காலிப் புட்டிகள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. ஒட்டகச் சவாரியில், கூட்டத்தைச் சமாளிக்க ஓய்வின்றி அதே ஒட்டகங்களை மீண்டும் அனுப்புகிறார்கள். நாங்கள் நடந்தே குன்றுக்குச் சென்றோம், அத்தொலைவு நடக்கக்கூடியதே.

இப்பகுதியை ஒட்டியுள்ள பாலைவனத் தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பிலுள்ள கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. தமிழகத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிட்ட அப்பறவை எஞ்சியிருக்கும் நிலத்தில், வாணவேடிக்கையும் இரவு ஜீப் ஓட்டமும் நடத்தும் முகாம்களுக்கு நம் பணம் போகக் கூடாது. முன்பதிவின்போதே இதனைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நகருக்கு இரண்டு முழுப் பகல்களாவது வேண்டும். கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களின் மஞ்சள் கல் சிற்பங்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பட்வா வணிகர்களின் ஐந்து மாளிகைகளுக்கும், நகரின் தாகத்தை நூற்றாண்டுகளாகத் தீர்த்த கடிசர் ஏரிக்கும் அடுத்த நாள் சரியாக இருக்கும். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் புறநகரான பகத் கி கோட்டிக்கு வாராந்திர விரைவு ரயில் உள்ளது. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு மேலும் ஐந்தாறு மணிநேரப் பயணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லலாம். மார்ச் பாதிக்குப் பிறகு பகலில் கூடாரத்துக்குள் இருக்க இயலாது.