ஒன்பது வருட .357: அந்த மூன்றரை மில்லிமீட்டர்

போன வாரம் என் ரிவால்வரைப் பழுதுபார்க்கிறவரிடமிருந்து வாங்கி வந்தேன். சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகளை வெளியே தள்ளுகிற எஜெக்டர் கம்பி வளைந்திருந்தது. நேராக்கி, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரின் ஆட்டத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார். 85 டாலர். கடையை விட்டு வெளியே வரும்போதே கைபேசி அடித்தது. முன்பு என்னோடு வேலை செய்த தம்பி.

"அண்ணா, கிரீன் கார்டு வந்துடுச்சு. உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒரு மேக்னம் வாங்கலாம்னு இருக்கேன். இடுப்புலயும் வெச்சுக்கணும், பன்றி வேட்டைக்கும் ஆகணும், சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கும் போகணும். எது வாங்கட்டும்?"

அவர் இத்தனை வருடம் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும் அவர் அந்த வம்புக்குப் போகவில்லை. நல்ல முடிவு. "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது.

என்னுடையது 4 அங்குலக் குழல், ஆறு தோட்டா, முழு எஃகு ரிவால்வர். அது சுடுவது .357 மேக்னம் என்கிற வலுவான தோட்டா. எடை ஒரு கிலோவுக்கு மேல். டெக்சாஸ் வந்த புதிதில் வாங்கியது, ஒன்பது வருடம் ஆகிறது. ஆறாயிரம் தோட்டாவாவது சுட்டிருப்பேன். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நான் கோபப்படும் விஷயம் அந்தக் கம்பெனியின் தவறே இல்லை. யாருடைய .357 வாங்கினாலும் இதேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரிவால்வரின் ட்ரிகர் ஒன்பது வருடத்தில் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் 25 கஜத்தில் ஆறு துளையையும் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் போடலாம். இன்றுவரை ஒரு தடவைகூட வெடிமருந்து பற்றாமல் போனதில்லை. மழையில் நனைந்திருக்கிறது, லானோ ஊர்ப் பக்கத்துச் சரளைக்கல்லில் விழுந்திருக்கிறது, ஆகஸ்ட் வெயிலில் கைவைக்க முடியாத சூட்டில் காருக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. 158 கிரெய்ன் (குண்டின் எடையளவு) தோட்டா இந்தக் குழலிலிருந்து நொடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும். தெரிந்தவர் பண்ணையில் 40 கஜத்தில் ஒரு பெண் பன்றியை ஒரே தோட்டாவில் விழ வைத்தது இது. அது பத்தடி தூரம்கூடப் போகவில்லை.

சரி, இவ்வளவு நல்ல சாமானில் என்ன குறை?

.357 மேக்னம் விற்கிற எவரும் சொல்கிற முதல் வாக்கியம்: "இதில் .38 ஸ்பெஷலும் சுடலாம்." உண்மைதான். .38 ஸ்பெஷல் என்பது இதைவிட மென்மையான பழைய தோட்டா. இரண்டுக்கும் குண்டின் பருமன் ஒன்று, கூட்டின் பருமனும் ஒன்று, நீளம் மட்டும் வேறு. பயிற்சிக்கு மென்மையான .38, வேட்டைக்கு முழு மேக்னம் என்று ஒரே துப்பாக்கியில் இரண்டு துப்பாக்கி கிடைக்கும் என்பார்கள். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். இன்றைக்கு என் எரிச்சலெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

.38 ஸ்பெஷலின் பித்தளைக் கூடு 29.3 மில்லிமீட்டர். .357 கூடு 32.8. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர். இந்த மூன்றரைக்கு ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்கப் போலீசுக்குக் கார்க்கதவைத் துளைக்கிற தோட்டா தேவைப்பட்டது. எல்மர் கீத், பிலிப் ஷார்ப் போன்ற துப்பாக்கி எழுத்தாளர்கள் .38 கூட்டிலேயே மருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் கம்பெனிகள் சேர்ந்து 1935-இல் அதற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். டக்ளஸ் வெஸ்ஸன் அதற்கு மேக்னம் என்று பெயர் வைத்தார். அது பெரிய ஷாம்பெயின் பாட்டிலின் பெயர். அந்த வரிசையின் முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. கூட்டை நீட்டியது கூடுதல் மருந்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அல்ல. இந்த வலுவான தோட்டாவை யாராவது பழைய, மெலிந்த .38 ரிவால்வரில் போட்டுச் சுட்டால் சிலிண்டர் வெடித்துவிடும். நீளமாக இருந்தால் உள்ளே போகாது, அவ்வளவுதான். அதனால் எத்தனையோ கைகள் தப்பியிருக்கும். மிகச் சரியான வேலை.

ஆனால் .357 அறையில் (சிலிண்டரில் ஒரு தோட்டா உட்காரும் துளைதான் அறை) .38 தோட்டாவைப் போட்டுச் சுடும்போது என்ன நடக்கிறது? கூட்டின் வாய்க்கு முன்னால் அந்த மூன்றரை மில்லிமீட்டர் சும்மா கிடக்கிறது. எரிந்த மருந்தின் கரி, ஈயக்குண்டிலிருந்து உரசி வருகிற ஈயம், அதன் மேல் பூசிய மெழுகு எல்லாம் வந்து படிவது அங்கேதான். சிலிண்டரைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அறை முழுதும் பளபளப்பாக இருக்கும். முன்பக்கம் போகப்போக ஓரிடத்தில் மட்டும் மோதிரம் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். விரல் நுழையாது. ஒரு ஈர்க்குச்சியை விட்டுத் தடவினால் தட்டும். பால் பொங்கிக் காய்ந்த பாத்திரத்தின் விளிம்பு எப்படி இருக்குமோ அப்படி. ஒரு நூறு ஈயத் தோட்டா போதும், அது உருவாக. அதன் மேல் மேக்னம் கூட்டைத் தள்ளினால் வாய் அந்த வளையத்தில் போய் முட்டும்.

இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் விடியலில், பண்ணையில், பன்றிகளை வரவழைக்க மக்காச்சோளம் கொட்டும் இயந்திரத்துக்கு எதிரே. முந்தின ஞாயிறு ரேஞ்சில் .38 இரண்டு பெட்டி சுட்டுவிட்டு, "அடுத்த வாரம் துடைத்துக்கொள்ளலாம்" என்று உறையில் செருகிவிட்டேன். இருட்டில் ஆறு மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சிலிண்டரை மூடினேன். மூடவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் நான்கு தோட்டாவின் அடி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தினேன், போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் நோக அழுத்தினேன். சோளம் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஏழு பன்றி வந்தது. குளிரில் அவற்றின் மூச்சு வெள்ளையாகத் தெரிகிற தூரம். இருபது நிமிடம் தின்றுவிட்டு நிதானமாகப் போய்விட்டன. அதுவரை நான் கையில் பிடித்திருந்தது மூட முடியாத ஒரு ரிவால்வரை. அது வேட்டை என்பதால் போயிற்று. அதுவே வீட்டுக்குள் ஆள் நுழைந்த இரவாக இருந்திருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கோபம் இருந்தாலும் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் .38 சுட்டபின் அறைகளைத் துலக்கினால் இது வராது. கரைப்பானில் இருபது நிமிடம் ஊற விட்டு, .40 அளவு வெண்கலத் தூரிகையைப் போட்டு அறைக்குப் பத்துத் தடவை சுழற்றினால் போய்விடும். .357 தூரிகை குழலுக்குத்தான் சரி, அறைக்கு அது தொளதொளவென்று இருக்கும். பழுதுபார்க்கிற பெரியவர் இன்னொரு வழியும் காட்டினார். சுட்டுப்போட்ட .357 கூடு ஒன்றை எடுத்து வாயைக் கொஞ்சம் விரித்து, கையாலேயே அறைக்குள் தள்ளித் திருகினார். உள்ளே கரகரவென்று சத்தம். வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது கரித்தூள் காகிதத்தில் கொட்டியது. எஃகைவிடப் பித்தளை மென்மை என்பதால் அறைக்குச் சேதமில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். முட்டுகிற தோட்டாவைத் தட்டி உள்ளே ஏற்றிச் சுடவும் வேண்டாம். கூட்டின் வாய் விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறும்.

இவ்வளவு தெரிந்தும் போன மாதம் நான் செய்தது தவறுதான். ரேஞ்சில் .38 முடிந்ததும் மேக்னத்தைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது, ஆனாலும் மூடியது. சுட்டேன். கூடுகள் விரிந்து அந்த வளையத்தில் கவ்விக்கொண்டன. எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் தட்டினேன், வரவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருக்கிற அவசரத்தில் மரச் சுத்தியலால் தட்டினேன். கூடுகள் வந்தன, கம்பி வளைந்தது. நான் வாங்குகிற கடையில் .38 பெட்டி 27 டாலர், .357 பெட்டி 34. ஏழு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 85 கட்டினேன். அந்த மிச்சத்துக்காகத்தான் ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கரைப்பான் நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம், தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

இடுப்பில் வைத்துக்கொள்ள மேக்னமே வேண்டாம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர் தனி உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்துவிடுங்கள், மற்ற மாநிலங்களுக்குப் போகும்போது உதவும். என்னுடையது போன்ற ஒரு கிலோ எஃகை டி-ஷர்ட்டுக்குள் வைத்து ஜூலை மாதம் நடக்க முடியாது. சின்னதாக வாங்கினால் இரண்டங்குலக் குழலில் மேக்னத்தின் வேகம் கணிசமாகக் குறையும். மிஞ்சுவது தீப்பிழம்பும் காதைப் பிளக்கும் சத்தமும்தான். 350 கிராம்கூட இல்லாத ரிவால்வர்கள் இருக்கின்றன. அவற்றில் மேக்னம் சுட்டால் உதையின் வேகத்தில் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி வந்து சிலிண்டரையே பூட்டிவிடும். வைத்துக்கொள்ள ஒரு நல்ல .38 வாங்குங்கள். .38 அறையில் .38 சுட்டால் வளையமும் இல்லை, வம்பும் இல்லை.

பன்றிக்கு .357 போதும், ஆனால் ரிவால்வரில் அல்ல. அதே தோட்டாவைப் போடுகிற, கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற லீவர் ரைஃபிள் வாங்குங்கள். 18 அங்குலக் குழலில் அதே 158 கிரெய்ன் நொடிக்கு 1,800 அடியைத் தொடும். தோளில் வைத்துச் சுடுவதால் உதை ஒன்றுமே தெரியாது. கிழட்டு ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த கேடயம் மாதிரி தோல் இருக்கும். அங்கே இந்தக் கூடுதல் வேகம் உதவும்.

.44 மேக்னம் பற்றியும் கேட்பீர்கள். 1955-இல் வந்தது, அதன் பின்னாலும் எல்மர் கீத்தான். 240 கிரெய்ன் குண்டு, .357-ஐவிடத் தெளிவாக ஒரு படி மேல். எல்லாக் கணக்கும் அதற்குத்தான் சாதகம்: தோட்டா எங்கும் கிடைக்கும், துப்பாக்கி வகைகளும் நிறைய. ஆனால் அதற்கும் .44 ஸ்பெஷல் என்று குட்டையான ஒரு அண்ணன் இருக்கிறான், 1907-இல் பிறந்தவன். அங்கேயும் ஏறக்குறைய அதே மூன்று மில்லிமீட்டர். அங்கேயும் அதே வளையம். .327 மேக்னத்துக்கு அப்படி ஒரு குடும்பமே இருக்கிறது.

நான் வாங்கப் போவது .41 மேக்னம். 1964-இல் வந்தது, 210 கிரெய்ன் குண்டு, வலுவில் .357-க்கும் .44-க்கும் நடுவில். சான் அன்டோனியோ போலீஸ் ஒரு காலத்தில் இடுப்பில் மாட்டியிருந்தது. பிறகு பெரிய ஓட்டம் இல்லை. பெட்டி 50 டாலருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை, பாதிக் கடைகளில் இருக்காது. வாங்கச் சொல்லி உங்களுக்கு நான் எந்தக் காரணமும் காட்ட முடியாது. எனக்குக் காரணம் ஒன்றே ஒன்று: அதற்குக் கடையில் கிடைக்கிற குட்டை உறவு எதுவும் இல்லை. அந்த அறையில் போவது அந்தக் கூடு மட்டும்தான். ரூகர் கம்பெனியின் பிளாக்ஹாக் ரிவால்வரில் ஆறரை அங்குலக் குழலோடு ஒன்று வேண்டும் என்று கடையில் பெயர் எழுதி வைத்துவிட்டேன். ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும், ஒவ்வொரு கூடாகத் தள்ள வேண்டும். பரவாயில்லை, அவசரம் எனக்கில்லை.

.357-ஐ விற்பேனா என்று கேட்காதீர்கள். விற்க மாட்டேன். அந்த ட்ரிகர் இன்னொன்றில் வர எனக்கு இன்னும் ஒன்பது வருடம் ஆகும்.

நேற்று ராத்திரி ஆறு அறையையும் துலக்கி, ஒவ்வொன்றிலும் மேக்னம் கூட்டைப் போட்டுப் பார்த்தேன். டக், டக்கென்று தானாகவே விழுந்தது. சனிக்கிழமை வாருங்கள் தம்பி, வாங்குவதற்கு முன் இதைச் சுட்டுப் பாருங்கள். சத்தத்திலிருந்து காதைக் காக்க, காதுக்குள் செருகுவதும் மேலே மாட்டுவதும் இரண்டுமே எடுத்து வாருங்கள். .38 மட்டும் வாங்கி வராதீர்கள். என்னிடம் மேக்னம் இரண்டு பெட்டி இருக்கிறது.