நாலு வருடமாக ட்ரெல்லோ: ஒரு பனியன் கம்பெனியிலிருந்து

திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் வந்ததிலிருந்து அனுப்பும்வரை அதைப் பின்தொடர்வது என் வேலை. முன்பு எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்அப் குரூப்தான். ஒரு ஆர்டரில் பையர் லேப் டிப் (சாயமிட்ட சிறு மாதிரித் துணி) பார்த்து ‘பி’ ஷேடுக்கு ஓகே சொன்ன செய்தி, அன்றைய மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. சாயப்பட்டறைக்கு ‘ஏ’ என்று தகவல் போனது. 300 கிலோ துணி தவறான நிறத்தில் வந்து இறங்கியது. அந்த வாரமே, வேலைகளை கார்டுகளாக ஒரு பலகையில் வைத்து நகர்த்தும் ட்ரெல்லோவுக்கு மாறினோம்.

2011இல் வந்த செயலி இது. 2017இல் அட்லாசியன் என்ற மென்பொருள் கம்பெனி வாங்கிக்கொண்டது. எது எப்போது தேவை என்று அட்டை மூலம் சொல்லும், டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான கன்பன் முறைதான் இதற்கு அடிப்படை. அதனால்தானோ என்னவோ, எங்கள் வேலைக்கு அப்படியே பொருந்தியது. ஒரு ஸ்டைலுக்கு, அதாவது ஒரு ஆடை மாடலுக்கு, ஒரு கார்டு. லேப் டிப், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி ஆடை), நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று அது நகர்ந்துகொண்டே போகும். கெடு தேதிக்கு ஒரு நாள் இருக்கும்போது மஞ்சளாகும், தாண்டினால் சிவப்பு. “அது எங்க நிக்குது?” என்று யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். கட்டிங் மாஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏனுங்க அம்மணி, நான் துணிய வெட்டறதா, போனைத் தட்டிட்டு இருக்கறதா?” அவர் கேட்டது நியாயம். டைப் செய்யச் சொல்வதை விட்டுவிட்டோம். கட்டிங் டேபிள் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை மாட்டி, அன்றைய கட்டிங் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து கார்டில் போட்டால் போதும் என்றோம். அப்புறம் ஒருநாள் அவரே, “கார்டுல ஷேட் ஏறலீங்க, நான் வெட்ட மாட்டேன்” என்று நிறுத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வசதியாக இருப்பது நின்று வேலை செய்பவருக்கும் வசதியாக இருக்கும் என்று நாங்கள்தான் தப்பாக நினைத்திருந்தோம்.

சைஸ் வாரியான எண்ணிக்கைக்கு ட்ரெல்லோ சரிவராது. அதை கூகுள் ஷீட்டில் வைத்து, இணைப்பை மட்டும் கார்டில் ஒட்டுகிறோம்.

போன மாதம் 2022இல் செய்த ஒரு ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் வந்தது. பழைய கார்டைத் தேடினேன். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்கும் அளவு), நூல் ஷேட், பையர் ஒப்புதல் எல்லாம் அதிலேயே இருந்தன. அன்று அந்த வேலையைப் பார்த்தவர் இப்போது எங்களிடம் இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் சாம்பிளுக்குச் சொல்லிவிட்டோம்.

எங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் வெளி ஜாப் ஒர்க் யூனிட்கள் மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அவர்களுக்கு நான் போன்தான் போடுகிறேன்.